அனுமதி கேட்கும் அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்

கேள்வி: இங்கிலாந்தில் மேற்கு சசெக்ஸ் பகுதியில், சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு சிறிய ஊரில் ஐந்து வருடமாக இருக்கிறோம். நான் நர்ஸ். என் மகளுக்கு 12 வயது. பக்கத்து லாயத்தில் ஒரு மட்டக்குதிரையில் நான்கு வருடமாகச் சவாரி செய்கிறாள். நானும் இன்னொரு குதிரையிலோ நடந்தோ கூடவே போவேன். லாயத்திலிருந்து குன்றுக்குப் போக, முதலில் இரண்டு பக்கமும் உயிர்வேலி வளர்ந்த ஒரு பழைய வண்டித்தடம். அது முடிந்ததும் வயலின் குறுக்கே ஒரு பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. போன இலையுதிர் காலத்தில் நிலம் கைமாறியது. புதிய நிலக்காரர் வயலை உழுது பாதையின் மேலேயே கோதுமை விதைத்துவிட்டார். வயலின் அந்தக் கோடியில் இருக்கும் கேட்டில் சங்கிலி. மார்ச் மாதம் வண்டித்தடத்தின் வாயிலிலும் கேட் போட்டுப் பூட்டி, 'தனியார் நிலம்' என்று பலகை மாட்டிவிட்டார். இப்போது முக்கால் மைல் தார்ச்சாலையில்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே வேக வரம்பு மணிக்கு 60 மைல். போன மாதம் ஒரு டெலிவரி வேன் உரசுகிற மாதிரி கடந்ததில் குதிரை மிரண்டு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மகள் விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நிலக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அந்தத் தடத்தில் போக அனுமதி கேட்கலாம் என்று நினைத்து, எழுதியும் வைத்துவிட்டேன். 'நாம் வெளியிலிருந்து வந்தவர்கள், வம்பு வேண்டாம்' என்கிறார் கணவர். தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தா ஒரு வரப்பு வழிக்காக 11 வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர். அந்தப் பயமும் இருக்கிறது. கடிதத்தை அனுப்பலாமா?

– ஒரு வாசகி, மேற்கு சசெக்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். ஒருவர் நிலத்தில் கால் வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம் வளர்ப்பு. அந்த நல்ல பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மகளின் வழிக்கே எதிராகத் திரும்பக்கூடும். நான் ஒரு கவுண்டி கவுன்சிலின், அதாவது மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றத்தின், பொதுவழிகள் பிரிவில் 19 வருடம் வேலை பார்த்தவள். இப்போது குதிரைக்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் இப்படிப்பட்ட வழக்குகளில் விண்ணப்பம் தயாரிக்க உதவுகிறேன். அனுமதி கேட்டதாலேயே கைவிட்டுப் போன வழிகளைப் பார்த்திருக்கிறேன். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன் சாலை, ஏனென்றால் அடுத்த சனிக்கிழமையும் பிள்ளை அதில்தான் போகப் போகிறாள்.

2022 ஜனவரி 29 முதல் இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது: குதிரையைக் கடக்கும் வண்டி மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 60 மைல் சாலையிலும் இதுதான். சின்னப் பிள்ளையையோ பழக்கமில்லாத குதிரையையோ கூட்டிப்போகும்போது இருவர் பக்கம் பக்கமாகப் போகலாம் என்பதை ஓட்டுநர்கள் எதிர்பார்க்க வேண்டும் என்றும் அதே புத்தகம் நினைவூட்டுகிறது. எனவே நீங்கள் சாலையின் நடுப்பக்கமாகவும் மகள் ஓரப்பக்கமாகவும் வாருங்கள். வளைவு வந்தால் மட்டும் ஒருவர் பின் ஒருவராக. 14 வயதுக்குக் கீழே சாலையில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு மேலங்கியைக் குதிரைக்கும் போடுங்கள். வெயில் ஓட்டுநரின் கண்ணில் நேராக அடிக்கும் காலை, மாலை நேரங்களைத் தவிருங்கள்.

அந்த வேன் சம்பவத்தைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள். குதிரைகளுக்கும் குதிரைக்காரர்களுக்குமான தொண்டு அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி 'ஹார்ஸ் ஐ' என்று ஒரு செல்போன் செயலி வைத்திருக்கிறது. யாருக்கும் அடிபடாத சம்பவத்தையும் அதில் போடலாம். யாரும் விழவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு உங்கள் வழிக்கான கோப்பு கவுன்சில் மேசைக்குப் போகும்போது, 'பாதை அடைபட்டதால் சாலைக்குத் தள்ளப்பட்டோம், அங்கே இன்ன தேதியில் இது நடந்தது' என்று காட்ட அந்த ஒரு பதிவு போதும். கோதுமையையும் சங்கிலியையும் முதலில் கவனிக்க வேண்டும் என்று கவுன்சிலுக்குப் புரியவைக்க அது உதவும்.

சரி, இப்போது பாதைகளுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரே வழியாகத் தெரிவது உண்மையில் இரண்டு வழிகள். வயலின் குறுக்கே போவதற்கு ஒரு நியாயம், வண்டித்தடத்துக்கு வேறொரு நியாயம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிக் குழப்பாதீர்கள். வேறு வேறு கடிதம், வேறு வேறு கோப்பு.

வயல் பாதை சுலபமானது. 1949-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளைக் குறித்து ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டியிருந்தது. அதை 'டெஃபினிட்டிவ் மேப்' என்பார்கள். அறுதி வரைபடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் குதிரைப் பாதை என்று குறித்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை, அதுவே முடிவான சாட்சியம். நிலம் யாருக்குக் கைமாறினாலும் பாதையும் சேர்ந்தே கைமாறும். அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். 1968-லிருந்து சைக்கிளிலும் போகலாம், ஆனால் சைக்கிள்காரர் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும். மோட்டார் வண்டி ஓட்டுவது குற்றம். உங்கள் கவுண்டி கவுன்சிலின் இணையதளத்தில் வரைபடத்தைப் பார்த்து அந்தப் பாதையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கடிதத்திலும் அந்த எண்தான் முதல் வரி.

விவசாயி வயலின் குறுக்கே போகும் பாதையை உழலாம், அது தப்பில்லை. ஆனால் முதல் உழவிலிருந்து 14 நாளுக்குள் பாதையைப் பழையபடி சமன் செய்து, எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி விட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு விதைப்பு போன்ற வேலைகளுக்கு ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம்தான். பாதையின் அகலம் எங்கும் பதிவாகவில்லை என்றால், வயல் குறுக்கே போகும் குதிரைப் பாதைக்குக் குறைந்தது 2 மீட்டர். வயல் ஓரமாகப் போவதாக இருந்தால் 3 மீட்டர், அதை உழவே கூடாது. விதைத்த பயிர் அந்த அகலத்துக்குள் வளர்ந்து வழியை மறைப்பதும் குற்றம்தான். இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை இப்போது முழங்கால் உயரம் நிற்கும். ஒரு டேப்பை வைத்து, பாதை இருக்க வேண்டிய இடத்தில் படம் எடுங்கள். இரண்டு கோடியிலிருந்தும் எடுங்கள். சங்கிலி போட்ட கேட்டையும் எடுங்கள்.

கேட்டைப் பற்றித் தனியாக ஒன்று. குதிரைப் பாதையில் கேட் இருந்தால் குறைந்தது 5 அடி அகலம் வேண்டும். அகலம் இருந்தும் கொக்கி தரைப்பக்கம் இருந்தால் குதிரைமேல் இருப்பவரால் திறக்க முடியாது. இறங்கினால், 12 வயதுப் பெண் பாதையில் தனியாக மறுபடி ஏற வேண்டும். சட்டென்று தானாக மூடிக்கொள்ளும் கேட் இன்னும் மோசம், குதிரையின் பின்பக்கத்தில் இடித்து அதை முன்னே தள்ளிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விவரங்களைச் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை, அப்படி மூடிய கேட்டில் கால் மாட்டி எலும்பு முறிந்த ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை எழுதி வாங்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் எந்தக் கேட்டையும் ஒரு கையால், குதிரைமேல் உட்கார்ந்தபடி திறக்க முடிகிறதா என்று பார்க்காமல் விட்டதில்லை. உங்கள் புகாரிலும் இதை எழுதுங்கள்: 'பூட்டை எடுத்தால் மட்டும் போதாது, குதிரையிலிருந்து இறங்காமல் திறக்கும்படி கொக்கியை மாற்றித் தர வேண்டும்.' நிலக்காரருக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. இந்தக் கேட்டைப் பராமரிக்க அவர் செய்யும் நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை கவுன்சில் தர வேண்டும்.

புகாரை மின்னஞ்சலில் அனுப்பி, பதிவு எண் வாங்குங்கள். பொதுவழியைக் காப்பது கவுன்சிலின் விருப்பம் அல்ல, 1980-ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு அதைக் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் பணமும் ஆளும் இல்லாத அலுவலகங்கள் அவை. உள்ளே இருந்தவள் என்பதால் சொல்கிறேன், ஒரே ஒரு முறை வந்த புகார் அடியில் போய்விடும். ஆறு வாரம் பார்த்துவிட்டு, கேட் சங்கிலிக்கு மட்டும் 130ஏ பிரிவின் கீழ் முறையான நோட்டீஸ் கொடுங்கள். அதற்குப் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. கவுன்சில் ஒரு மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறது என்று உங்களுக்கு எழுத வேண்டும். இரண்டு மாதத்திலும் தடை போகவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. நோட்டீஸ் வந்தாலே கோப்பு மேலே வந்துவிடும்.

வயல் பாதையைப் பொறுத்தவரை நிலக்காரரிடம் நேரில் பேசுவதிலும் தவறில்லை. அனுமதி கேட்கும் பேச்சாக இல்லாமல், 'இந்தப் பாதையை நாங்கள் வாரம் மூன்று முறை பயன்படுத்துகிறோம், வெட்டிவிட்டால் நல்லது' என்ற மாதிரி. புதிதாக நிலம் வாங்கியவருக்கு இங்கே நிஜமான கவலைகள் இருக்கும். ராத்திரியில் வந்து குப்பை கொட்டுகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் பயிரை மிதிக்கிறவர்கள், நாய்களை விட்டு முயல் பிடிக்கிறவர்கள். அவர் பூட்டியது உங்கள் மகளுக்காக அல்ல, இவர்களுக்காகத்தான் இருக்கும். நீங்களும் மழைக்காலத்தில் ஈரக் களிமண்ணில் குதிரையை ஓடவிடாமல் நடக்கவைத்து, கேட்டை ஒவ்வொரு முறையும் மூடி, பாதையின் கோட்டை விட்டு விலகாமல் போனால் அது அவர் கண்ணில் படும். பூட்டை உடைக்கவோ பயிரை வெட்டவோ இறங்காதீர்கள். தடையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு போக வழிப்போக்கருக்குச் சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க நான் சொல்ல மாட்டேன்.

இனி வண்டித்தடம். உங்கள் கடிதம் தொடுவது இதைத்தான்.

அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 'எக்ஸ்ப்ளோரர்' வரைபடத்தில் நீளமான பச்சைக் கோடுகள் குதிரைப் பாதை, குட்டைப் பச்சைக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டுமான வழி. உங்கள் தடத்தின்மேல் எந்தப் பச்சையும் இல்லை, இரண்டு கருப்புக் கோடு மட்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். இங்கிலாந்தில் பதிவான பொதுவழிகள் மொத்தம் சுமார் 1,89,000 கிலோமீட்டர். அதில் குதிரை போகக்கூடியது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி எல்லாம் நடப்பவர்களுக்கு மட்டும். குதிரை குறைவாக இருந்த நாடு என்பதால் அப்படி ஆகவில்லை. 1950-களில் வரைபடம் போட்டபோது ஒவ்வொரு பாரிஷும் (நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி) தன் எல்லைக்குள் தானே கணக்கெடுத்தது. ஒரு பாரிஷ் 'குதிரைப் பாதை' என்று எழுதிய அதே வழியை அடுத்த பாரிஷ் 'நடைவழி' என்று எழுதியது. இன்றும் எல்லைக் கல்லோடு நின்றுபோகும் குதிரைப் பாதைகள் நிறைய உண்டு, குதிரை அங்கே வந்து என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. உயிர்வேலிக்கு நடுவே போகும் இப்படிப்பட்ட பழைய வண்டித்தடங்களை, 'இது எல்லோரும் போகிற ரோடுதானே, இதைப் போய் எழுதுவானேன்' என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. வரைபடத்தில் இல்லை என்றால் உரிமை இல்லை என்று பொருள் அல்ல. இன்னும் யாரும் நிரூபித்துப் பதியவில்லை, அவ்வளவுதான்.

நிரூபிக்க இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, பயன்பாடு. பொதுமக்கள் ஒரு வழியில் 20 வருடம் இடைவிடாமல் போய்வந்திருந்தால், நிலக்காரர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 1980 சட்டத்தின் 31-ஆம் பிரிவு. உங்கள் தாத்தா காலத்து வழக்கிலும் இந்த 20 வருடக் கணக்கு வந்திருக்கும், 1882-ஆம் வருட இந்திய ஈஸ்மென்ட் சட்டத்திலும் அதே எண்தான். ஆனால் வரப்பு வழி ஒரு நிலத்துக்காரருக்கு இன்னொரு நிலத்தின் மேல் இருக்கும் தனி உரிமை. இங்கே நாம் பேசுவது யாராக இருந்தாலும் போகலாம் என்கிற பொது உரிமை. அதனால் 20 வருடத்தை ஒரே ஆள் காட்ட வேண்டியதில்லை. உங்கள் நான்கு வருடம், லாயத்துக்காரரின் பதினைந்து வருடம், ஓய்வுபெற்ற ஒருவரின் முப்பது வருடம் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். கணக்கு ஆரம்பிப்பது இன்றிலிருந்து அல்ல, வழி முதலில் மறுக்கப்பட்ட நாளிலிருந்து பின்னோக்கி. உங்களுக்கு அது மார்ச் மாதத்தில் பூட்டு விழுந்த நாள். அந்தத் தேதியை லாயத்தில் எல்லோரிடமும் கேட்டு உறுதி செய்து எழுதிவையுங்கள்.

அந்த 20 வருடப் போக்குவரத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் அனுமதி வருகிறது. வலுக்கட்டாயமாக நுழைந்திருக்கக் கூடாது. ஒளிந்து மறைந்து போயிருக்கக் கூடாது. அனுமதி வாங்கியும் போயிருக்கக் கூடாது. மூன்றாவதுதான் நம்மவர்களுக்கு விளங்காதது. எனக்கே ஆரம்பத்தில் விளங்கவில்லை. அனுமதியோடு போவது நல்லதுதானே? நல்லதுதான், ஆனால் அனுமதி வாங்கியவர் விருந்தாளி. எத்தனை வருடம் வந்துபோனாலும் விருந்தாளிக்கு வீட்டில் உரிமை வராது. கேட்காமல், பகலில், எல்லோரும் பார்க்க, இது நம் வழி என்ற நினைப்பில் போய்வந்தவரின் பயணம்தான் கணக்கில் சேரும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு கோப்பு வந்தது. வயதான ஒரு அம்மா, 25 வருடத்துக்கும் மேலாக ஒரு காட்டுத்தடத்தில் குதிரையில் போனவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எஸ்டேட்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்பி, வரும் வருடமும் உங்கள் தடத்தில் போகலாம் அல்லவா என்று ஒரு வரி எழுதுவார். தாராளமாக என்று பதில் வரும். எஸ்டேட் விற்றதும் தடம் மூடப்பட்டது. அவர் தன் நல்ல நடத்தைக்குச் சான்றாக அந்தப் பதில்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார். அந்த உறையாலேயே அவருடைய 25 வருடமும் கணக்கிலிருந்து போயிற்று. மற்றவர்களின் சாட்சியம் போதவில்லை. விண்ணப்பத்தை நிராகரிக்கச் சொல்லும் அறிக்கையை எழுதியவள் நான். சட்டப்படி வேறு எழுத வழி இல்லை. அந்தக் கையெழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் இப்போது எழுதினால் மார்ச்சுக்கு முந்தைய வருடங்கள் தானாக அழிந்துவிடாது, உண்மைதான். ஆனால் நாளை விசாரணையில் நிலக்காரர் தரப்பு வக்கீல் உங்கள் கடிதத்தை நீட்டி, 'இது பொதுவழி இல்லை என்று இவர்களுக்கே தெரியும், அதனால்தான் அனுமதி கேட்டார்கள்' என்பார். அவர் அனுமதி கொடுத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. இன்று கொடுத்ததை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல் பழைய ஆவணங்கள். ஒருமுறை பொதுவழியானது, சட்டப்படி ஒரு ஆணை போட்டு மூடாத வரை என்றைக்கும் பொதுவழிதான். நூறு வருடம் யாரும் போகாவிட்டாலும் சரி. அதனால் 200 வருடத்துக்கு முந்தைய தாளும் பேசும். சிசெஸ்டரில் இருக்கும் மேற்கு சசெக்ஸ் ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் லீவு போட்டுப் போய்வாருங்கள், மகளையும் கூட்டிப்போங்கள். பொது நிலங்களை வேலி போட்டுப் பிரித்துக் கொடுத்த காலத்துத் தீர்ப்பாவணங்கள், 1836 சட்டத்துக்குப் பிறகு தேவாலய வரிக்காகப் போட்ட தைத் வரைபடங்கள் ஆகியவற்றை உங்கள் பாரிஷின் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வேலிப் பிரிப்பு ஆவணத்தில் 'பொதுக் குதிரைவழி, அகலம் இவ்வளவு அடி' என்று எழுதியிருந்தால் அது தங்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1910-ஆம் வருட நிலவரி வரைபடம். நாட்டில் இருக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அப்போது மதிப்புப் போட்டார்கள். ஒவ்வொருவர் நிலத்தையும் வரைபடத்தில் வண்ணம் தீட்டி எல்லை காட்டினார்கள். பொதுச் சாலைகளுக்கு வரி இல்லை என்பதால் அவற்றைப் பெரும்பாலும் வண்ணம் தீட்டாமல் வெள்ளையாக விட்டார்கள். உங்கள் வண்டித்தடம் இரண்டு வண்ணங்களுக்கு நடுவே வெள்ளை நாடா மாதிரி போகிறதா பாருங்கள். அதோடு, தன் நிலத்தில் பொதுவழி போகிறது என்று நிலக்காரர் சொன்னால் அவருக்கு மதிப்பில் கழிவு கிடைத்தது. கழிவு கேட்டு அன்றைய நிலக்காரரே எழுதிக்கொடுத்த வரி கள ஏட்டில் இருக்கக்கூடும். தன் பாக்கெட்டுக்கு லாபம் என்று ஒருவர் அன்று ஒப்புக்கொண்டதை இன்று வந்தவர் எளிதில் மறுக்க முடியாது. இந்த ஏடுகள் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் தடம் இருந்ததைக் காட்டும், ஆனால் உரிமையைக் காட்டாது. அப்படி ஒரு எச்சரிக்கை அந்த வரைபடங்களிலேயே அச்சாகியிருக்கும்.

பழைய உரிமைகளைப் பதிய 2026 ஜனவரி 1 கடைசி நாள் என்று 2000-ஆம் வருடச் சட்டம் வைத்திருந்தது. அது பிறகு 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் இங்கிலாந்துக்கு அந்தக் கெடுவையே எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தது. அதை நம்பி ஆறப்போட வேண்டாம். சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

இரண்டு வாசல் வழியாகவும் சேர்த்தே விண்ணப்பம் போடலாம். 1981-ஆம் வருட வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கீழ், அறுதி வரைபடத்தைத் திருத்தச் சொல்லி கவுண்டி கவுன்சிலுக்கு. படிவம் அவர்களே தருவார்கள், கட்டணம் இல்லை. வரிசை மிக நீளம், வருடக்கணக்கில் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். முழுமையான விண்ணப்பம் போட்டு 12 மாதத்தில் முடிவு சொல்லவில்லை என்றால், இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவிடச் சொல்லி மேலிடத்தில் கேட்கலாம். கேட்டுவிடுங்கள்.

சாட்சியப் படிவங்களில் கவனமாக இருக்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன. நடந்து போனவர்களின் சாட்சியத்தால் நடைவழிதான் கிடைக்கும். குதிரையில் போனவர்களையே தேடிப்பிடியுங்கள், சைக்கிளில் போனவர்களும் பயன்படுவார்கள். ஒவ்வொருவரும் தன் வார்த்தையில், தன் கையால் எழுதட்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்து எல்லாப் படிவமும் ஒரே மாதிரி இருந்தால் எடுபடாது. முக்கியமாக, லாயத்தின் நிலமும் முன்பு பழைய நிலக்காரரிடம் எடுத்த குத்தகையா என்று விசாரியுங்கள். குத்தகைதாரரும் அவர் வாடிக்கையாளர்களும் நிலக்காரரின் சம்மதத்தோடு போனதாகக் கருதப்பட்டால் லாயத்துப் படிவங்கள் அத்தனையும் வலுவிழக்கும். அப்படியிருந்தால் ஊரின் வேறு குதிரைக்காரர்களைத்தான் நம்ப வேண்டும். அப்புறம், பழைய நிலக்காரர் 'இது பொதுவழி அல்ல' என்று எப்போதாவது பலகை வைத்திருந்தாரா, கவுன்சிலில் அப்படி ஒரு அறிவிப்பைப் பதிந்திருந்தாரா என்று பாருங்கள். பதிவேடு கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். 20 வருடத்துக்குள் அப்படி ஒன்று வந்திருந்தால் கணக்கு அந்தத் தேதியோடு நின்றுவிடும், அதற்கு முந்தைய 20 வருடத்தைத் தேட வேண்டும். இப்போதைய பலகையின் வாசகத்தையும் ஒரு எழுத்து விடாமல் படம் எடுங்கள்.

உங்கள் கணவரின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள்தான். ஆனால் பொதுவழியில் போக ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நேற்று வந்தவருக்கும் அதே உரிமை. ஒரு குடும்பமாகத் தனியே நின்று எழுத வேண்டியதும் இல்லை. உங்கள் பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கு ஒரு மாலை போங்கள், பொதுமக்கள் பேச நேரம் தருவார்கள். வயல் பாதை அடைபட்டிருப்பதைச் சொல்லி, அவர்கள் பெயரிலேயே கவுண்டி கவுன்சிலுக்கு எழுதச் சொல்லுங்கள். 130-ஆம் பிரிவில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு உட்பிரிவு இருக்கிறது. பாரிஷ் கவுன்சில் அப்படி எழுதினால், அது தவறான தகவல் என்று தெரிந்தாலொழிய, கவுண்டி கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். தனி ஆள் எழுதும் கடிதத்துக்கு அந்தப் பலம் கிடையாது. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டிக்குப் பகுதிவாரியாக வழிகளைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள்.

நீங்கள் குன்றுமேல் ஏறிச் சேரும் சவுத் டவுன்ஸ் வே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல். 1972-ல் திறந்தது சசெக்ஸ் பகுதி, வின்செஸ்டர் வரை பிறகுதான் நீண்டது. குதிரையில் முழுவதும் போகலாம். வடக்கே பென்னைன் பிரைடில்வே இருக்கிறது. 1986-ல் மேரி டவுன்லி என்ற பெண்மணி, குதிரைவழிகள் எவ்வளவு கெட்டுக்கிடக்கின்றன என்று காட்ட, நார்தம்பர்லாந்திலிருந்து டெர்பிஷயர் வரை தோழிகளோடு குதிரையிலேயே போனார். அந்தத் தேசியப் பாதைக்கு அந்தப் பயணம் ஒரு தொடக்கம். அவர் 2001-ல் காலமானார். அடுத்த வருடம் திறந்த 47 மைல் சுற்றுப்பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உங்கள் மகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. படிவத்தோடு பெரியவர்களிடம் போகும்போது, 'எந்த வருடத்திலிருந்து போனீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். யோசித்து, தொண்ணூறோ தொண்ணூற்றைந்தோ என்று இழுப்பார்கள், படிவம் பலவீனமாகிவிடும். 'அந்தத் தடத்தில் முதல்முதலில் எந்தக் குதிரையில் போனீர்கள்' என்று கேளுங்கள். பெயர் உடனே வரும். அதை எப்போது வாங்கினார்கள், எப்போது செத்தது, அதற்குப் பின் எந்தக் குதிரை, வேலியோரம் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால் வருடங்கள் தாமாக வந்து உட்காரும். சில வீடுகளில் குதிரை வாங்கிய ரசீதையே பத்திரமாக வைத்திருப்பார்கள். அதன் நகலைப் படிவத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.